ஒரு விளக்கும் ஆறாயிரம் ரூபாயும்

2012-ல் ஒரு மேசை விளக்கைப் பற்றி எழுதினேன். அப்போது சென்னையில் ஒரு சின்ன நிறுவனத்தில் பக்க வடிவமைப்பு வேலை. இரவில் வீட்டு அலங்காரம், எழுத்துரு, பழைய மர நாற்காலி என்று ஒரு வலைப்பூ. ஒரு நாளைக்கு முந்நூறு பேர் வந்துவிட்டால் அன்றைக்கு எனக்குத் தீபாவளி. ஒருநாள் ஒரு விளம்பர ஏஜென்சியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. விளக்கு அனுப்புகிறோம், 400 சொல்லில் எழுதுங்கள், 6,000 ரூபாய் தருகிறோம். கடைசி வரியில், ‘ஸ்பான்சர் என்று எங்கேயும் குறிப்பிட வேண்டாம், இயல்பாக இருக்கட்டும்.’

இயல்பாகவே எழுதினேன். மழை, சன்னல், மஞ்சள் ஒளி, பாட்டி வீட்டு அரிக்கேன் விளக்கு எல்லாம் வந்தது. (பாட்டி வீட்டில் டியூப்லைட்தான் இருந்தது.) மதுரையில் இருக்கிற பெரியம்மா மகள் அதைப் படித்துவிட்டு அதே விளக்கை வாங்கினாள். நாலே மாதத்தில் ஸ்விட்ச் போய்விட்டது. “நீ எழுதியிருந்தியேன்னுதான்டா வாங்கினேன்” என்று போனில் சொன்னாள். “என்னோடதும் போயிருச்சுக்கா” என்றேன். அது உண்மைதான். ஆனால் நான் அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய உண்மை வேறு.

வலைப்பூ எழுத எனக்குக் குரு என்று யாரும் இல்லை. கூகுள் ரீடரில் வரிசையாக வைத்திருந்த அமெரிக்க வடிவமைப்பு வலைப்பூக்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். படத்தை எங்கே வைப்பது, எந்த இடத்தில் சொந்தக் கதையை நுழைப்பது எல்லாம் அங்கிருந்து வந்ததுதான். அவர்கள் காசு விஷயத்தில் என்ன பாடுபட்டார்கள் என்பதை மட்டும் அப்போது கவனிக்கவில்லை. விளக்கு அணைந்த பிறகுதான் தேடிப் படித்தேன்.

கதை 2004-ல் சூடுபிடிக்கிறது. அந்த ஆண்டு ஆகஸ்டில் கிரேஸ் பானி என்ற இளம்பெண் நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்து ‘டிசைன் ஸ்பாஞ்ச்’ என்ற வலைப்பூவைத் தொடங்கினார். அதே ஆண்டில் மேக்ஸ்வெல் ரயன், வாடிக்கையாளர்களுக்காக 2001 முதல் அனுப்பிவந்த ‘அபார்ட்மென்ட் தெரபி’ மடலைத் தன் சகோதரரோடு சேர்ந்து வலைத்தளமாக மாற்றினார். வீட்டு அலங்காரம் என்றால் அதுவரை பளபளப்புத் தாளில் அச்சாகும் பெரிய இதழ்கள்தான். அவற்றில் வரும் வீடுகளில் யாரும் சாப்பிட்ட மாதிரியே தெரியாது. இந்த வலைப்பூக்களில் வாடகை வீடு இருந்தது, தெருவில் கிடந்த நாற்காலிக்குச் சாயம் பூசுகிற கதை இருந்தது. தோழி ஒருத்தி போனில் பேசுகிற மொழி. அந்த மொழிதான் அவர்களின் முதலீடு. பின்னால் விளம்பரதாரர்கள் விலை பேசியதும் அதற்குத்தான்.

சரி, காசு எங்கிருந்து வந்தது? முதலில் பக்கத்தின் ஓரத்தில் வரும் கட்டங்களிலிருந்து. ஒரு விளம்பரப் படம் ஆயிரம் முறை தெரிந்தால் இவ்வளவு என்று கணக்கு. வாசகர் பெருகினால் வருமானமும் பெருகும். இதில் ஒளிவுமறைவுக்குப் பெரிதாக வேலையில்லை. கட்டம் கட்டமாக இருக்கும், எழுத்து எழுத்தாக இருக்கும். ஆனாலும் எதிர்ப்பு வந்தது. ஒரு வலைப்பூவில் முதல் விளம்பரம் தோன்றும்போதெல்லாம் ‘நீயும் விலைபோய்விட்டாயா’ என்று கேட்க நாலு பேர் கிளம்புவார்கள். நாங்கள் ஓசியில் படித்துக்கொண்டிருந்தவர்கள். எழுதுகிறவர் வாடகை எப்படிக் கட்டுகிறார் என்று எங்களில் யாரும் கேட்டதில்லை. கேட்கக்கூடாத கேள்வி என்றுகூட நினைத்திருப்போம்.

அந்தக் கேள்வியை வாசகர் முன்னால் நேரடியாகப் போட்டவர் ஜேசன் காட்கி என்ற வலை வடிவமைப்பாளர். 2005 பிப்ரவரியில் வேலையை விட்டுவிட்டு, இனி என் வலைப்பூதான் என் முழுநேரத் தொழில், விளம்பரம் போட மாட்டேன், விருப்பமிருந்தால் நீங்கள் பணம் தாருங்கள் என்று அறிவித்தார். சுமார் 1,450 பேர் சேர்ந்து ஏறத்தாழ 39,900 டாலர் கொடுத்தார்கள். நியூயார்க்கில் ஒரு மனிதர் ஓராண்டைத் தள்ள அது போதும்; மறு ஆண்டும் அதே வாசகர்களிடம் கையேந்த அவர் தயாராக இல்லை. ஓராண்டோடு திட்டத்தை நிறுத்திக்கொண்டார். ‘இன்டர்நெட் பிச்சை’ என்று அன்றைக்குச் சிரித்தவர்கள் பலர். இன்றைக்கு மாதச் சந்தா கேட்டு மடல் எழுதுகிற ஒவ்வொருவரும் செய்வது அதைத்தான். காட்கியே 2016-ல் உறுப்பினர் திட்டத்தோடு திரும்பி வந்தார்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அடுத்து வருவது. 2006-ல் சிகாகோவில் ஜிம் கூடால் என்பவர் ‘தி டெக்’ என்ற விளம்பர வலையமைப்பைத் தொடங்கினார். அவருடைய நிறுவனமான கூடால் பார்ட்னர்ஸ், மென்பொருள் செய்யும் 37சிக்னல்ஸ், வலை வடிவமைப்பாளர்களின் வேதநூலாக இருந்த ‘எ லிஸ்ட் அபார்ட்’ இதழ் ஆகிய மூன்றும் தொடக்க உறுப்பினர்கள். பிறகு காட்கி, ‘ஸ்விஸ்மிஸ்’ டினா ராத் ஐசன்பர்க் எனப் பலர் சேர்ந்தார்கள். விதி எளிமையானது. ஒரு பக்கத்தில் ஒரே ஒரு விளம்பரம். 120-க்கு 90 பிக்சலில், தீப்பெட்டிப் படம் போல ஒரு சின்னப் படம், கீழே ஒன்றிரண்டு வரி. அசையாது, கத்தாது, திரையை மறைக்காது. அதைவிட முக்கியமான இன்னொரு விதி: தாங்கள் காசு கொடுத்து வாங்காத, அல்லது பயன்படுத்திப் பார்க்காத பொருளின் விளம்பரத்தை ஏற்பதில்லை.

அந்த இரண்டாவது விதியை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ‘இது விளம்பரம்’ என்று சீட்டு ஒட்டுவது ஒரு நேர்மை. விளம்பரத்தை ஏற்கும் முன்னாலேயே அந்தப் பொருளோடு வாழ்ந்து பார்ப்பது வேறொரு நேர்மை. முதலாவதை அரசாங்கம் சட்டம் போட்டுக் கேட்கலாம். இரண்டாவதை யாரும் கேட்க முடியாது, அவர்களாகச் செய்தால்தான் உண்டு. என் விளக்கு விஷயத்தில் நான் இரண்டையும் செய்யவில்லை. பெட்டியைப் பிரித்து, படம் எடுத்து, அன்று இரவே எழுதி அனுப்பிவிட்டேன்.

தி டெக் தொடங்கிய அதே 2006-ல் ஃபுளோரிடாவில் டெட் மர்ஃபி என்பவர் ‘பே பர் போஸ்ட்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பெயரிலேயே எல்லாம் இருக்கிறது. நிறுவனம் ஒரு பொருளைச் சொல்லும், வலைப்பூக்காரர் எழுதுவார், ஒரு பதிவுக்கு இவ்வளவு காசு. தொடக்கத்தில், காசு வாங்கியதை வாசகரிடம் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. கடும் கண்டனம் எழுந்து, அந்த ஆண்டு முடிவதற்குள் விதியை மாற்றினார்கள். ஓரக் கட்டத்தில் இருந்த விளம்பரம் எழுத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது இப்படித்தான். தோழியின் குரலுக்கு இப்போது தனி ரேட்.

அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2009 அக்டோபரில் தன் பழைய வழிகாட்டு நெறிகளைத் திருத்தியது. 1980-க்குப் பிறகு அதுதான் முதல் திருத்தம். காசு வாங்கியோ பொருளை இலவசமாகப் பெற்றோ ஒன்றைப் பற்றி எழுதும் வலைப்பூக்காரர், அந்த உறவை வாசகருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். டிசம்பர் 1 முதல் அமல். உடனே ஒரு பீதி கிளம்பியது. பதிவுக்கு 11,000 டாலர் அபராதமாமே என்று செய்தி பரவியது. நாங்கள் பின்னால் போகப்போவது விளம்பரதாரர்களைத்தான், தனி வலைப்பூக்காரர்களை வேட்டையாடுவது எங்கள் நோக்கமில்லை என்று கமிஷன் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. 2010-ல் ஆன் டெய்லர் நிறுவனத்தின் துணிக் காட்சிக்கு அழைக்கப்பட்ட வலைப்பூக்காரர்களுக்குப் பரிசுகள் கொடுத்த விவகாரத்தை விசாரித்தபோதும், நடவடிக்கை எதுவும் இல்லாமல்தான் முடித்துக்கொண்டது.

வலைப்பூக்காரர்களின் கோபத்தில் ஒரு நியாயம் இருந்தது. பெரிய இதழ்களின் ஆசிரியர்களுக்கு மட்டும் பெட்டி பெட்டியாகப் பொருள் போகவில்லையா? அவர்கள் எதுவும் சொல்ல வேண்டாமாம், சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிற நாங்கள் மட்டும் சொல்ல வேண்டுமாம். இதழ் என்றால் அதன் வழக்கம் வாசகருக்குத் தெரியும், வலைப்பூவில் அது தெரியாது என்பது கமிஷனின் வாதம். எனக்கு இது பாதிதான் செரிக்கிறது. இதழ்களின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால், அவை தாமாக யோக்கியமாக மாறியவை அல்ல என்று தெரியும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கப் பத்திரிகைகளில் ‘ரீடிங் நோட்டீஸ்’ என்று ஒன்று உண்டு. செய்தி மாதிரியே அச்சாகும், செய்தி எழுத்துருவிலேயே இருக்கும், ஆனால் காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். விளம்பரம் என்று வெளியே தெரியாத காரணத்தாலேயே சாதாரண விளம்பரத்தைவிட அதற்கு அதிக விலை. 1912 ஆகஸ்டில் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. சலுகைத் தபால் கட்டணத்தில் போகும் பத்திரிகைகள் தங்கள் உரிமையாளர் யார் என்று வெளியிட வேண்டும். காசு வாங்கிப் போடும் பகுதிகளில் ‘விளம்பரம்’ என்ற சொல்லை அச்சிட வேண்டும். இல்லாவிட்டால் அபராதம், தபால் சலுகையும் போகும். பத்திரிகைச் சுதந்திரம் பறிபோகிறது என்று அதிபர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1913-ல் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. ஆக, ‘விளம்பரம்’ என்ற அந்தச் சீட்டை இதழ்களின் நெற்றியில் ஒட்டியது மனசாட்சி மட்டுமில்லை, தபால் கட்டணமும்தான்.

வீட்டுப் பொருட்களுக்கே உரிய ஒரு கதையும் இருக்கிறது. ‘குட் ஹவுஸ்கீப்பிங்’ இதழ் 1909 முதல் தரமான பொருட்களுக்கு ஒரு முத்திரை கொடுத்துவந்தது. இதழுக்கென்று பரிசோதனைக்கூடமே உண்டு. குடும்பத் தலைவிகளுக்கு அந்த முத்திரை நீதிபதியின் தீர்ப்பு மாதிரி. ஆனால் இதழ் கொடுத்த உத்தரவாதம் அந்த இதழில் விளம்பரம் செய்த பொருட்களுக்குத்தான். 1939-ல் அதே ஃபெடரல் டிரேட் கமிஷன், இந்த முத்திரைகளும் உத்தரவாதங்களும் வாசகரைத் தவறாக வழிநடத்துகின்றன என்று குற்றம் சாட்டியது. 1941-ல் அவற்றை நிறுத்தச் சொல்லி உத்தரவும் போட்டது. எழுபது வருடம் கழித்து புரூக்ளின் வீட்டு மேசைகளில் எழுந்த அதே கேள்விதான்: பரிந்துரை எங்கே முடிகிறது, விற்பனை எங்கே தொடங்குகிறது?

மறுபடி வலைப்பூக்களுக்கு வருவோம். 2010-ல் பின்ட்ரெஸ்ட்டும் இன்ஸ்டாகிராமும் வந்தன. அழகான அறையின் படத்தைப் பார்க்க இனி வலைப்பூவுக்குப் போக வேண்டியதில்லை. படம் மட்டும் பறந்து போயிற்று, அதைத் தேடி எடுத்தவரும் எழுதியவரும் பின்னால் நின்றுவிட்டார்கள். ஓரக் கட்டங்களின் விலை சரிந்தது. கிரேஸ் பானி 2014-ல் தன் வாசகர்களுக்கு ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். வாசகர்கள் சமூக ஊடகங்களுக்கு நகர்கிறார்கள், பழைய விளம்பரங்களிலிருந்து வரும் பணம் குறைகிறது, அதனால் ஸ்பான்சர் பதிவுகள் எங்களுக்குத் தேவைப்படுகின்றன என்று தொழிலின் உள்விவகாரத்தையே திறந்து வைத்தார். பின்னாளில் அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. கடையின் கணக்குப் புத்தகத்தை வாடிக்கையாளர் பக்கம் திருப்பி வைக்கிற கடைக்காரரை நான் பார்த்ததில்லை.

ஸ்பான்சர் பதிவு என்பது வீட்டு வலைப்பூக்களில் எப்படி நடக்கும் என்று சொல்ல வேண்டும். ஒரு பெயிண்ட் நிறுவனம் பெயிண்டும் பணமும் தரும். நீங்கள் உங்கள் வீட்டு அறை ஒன்றை அந்தப் பெயிண்டால் மாற்றி, முன்னும் பின்னும் படமெடுத்துப் போட வேண்டும். அடுத்த மாதம் தரைவிரிப்பு, அதற்கடுத்து சோபா. சீட்டு சரியாகவே ஒட்டியிருப்பார்கள், இந்த நிறுவனத்தோடு இணைந்து செய்தது என்று. ஆனால் ஒரு மனுஷர் வீட்டில் எத்தனை அறைதான் இருக்கும்? போன வருடம்தான் ஆசை ஆசையாக நீலம் அடித்த சுவர், இந்த வருடம் புதிய ஒப்பந்தத்துக்காகப் பச்சை ஆகிறது. இந்தப் பதிவு காசுக்கு எழுதியது என்று சீட்டு சொல்லும். அந்தச் சுவரே காசுக்காகத்தான் நிறம் மாறியது என்பதை அது சொல்லாது.

ஹெதர் ஆர்ம்ஸ்ட்ராங் இதன் எல்லை வரை போய்ப் பார்த்தவர். வலை வடிவமைப்பாளராக இருந்து ‘டூஸ்’ என்ற வலைப்பூவால் புகழ்பெற்றவர். தன் வலைப்பூ வருமானத்திலேயே குடும்பம் நடத்திய முதல் சிலரில் ஒருவர்; அதற்காக வாங்கிய வசையும் கொஞ்சமல்ல. 2009-ல் வீட்டு அலங்காரத் தொலைக்காட்சியான ஹெச்ஜிடிவியோடு ஒப்பந்தம் போட்டார். 2015-ல் வழக்கமான வலைப்பூ எழுத்திலிருந்து விலகினார். ஸ்பான்சர்களுக்காகப் பிள்ளைகளை வைத்து அனுபவங்களை உருவாக்க வேண்டியிருந்ததும், அது பிள்ளைகளுக்குப் பிடிக்காமல் போனதும் அவர் சொன்ன காரணங்களில் உண்டு. முன்பு நடந்ததை எழுதினார்கள், இப்போது எழுதுவதற்காக நடத்த வேண்டியிருந்தது.

இதே நேரத்தில் இன்ஸ்டாகிராமில் சீட்டே இல்லாத வியாபாரமும் நடந்தது. 2015 மார்ச்சில் லார்ட் அண்ட் டெய்லர் கடை ‘டிசைன் லேப்’ என்ற தன் துணி வரிசைக்காக 50 பேருக்கு ஒரே உடையைக் கொடுத்தது. ஆளுக்கு 1,000 முதல் 4,000 டாலர் வரை கூலி. ஒரே வார இறுதியில் ஐம்பது பேரும் அதை உடுத்திப் படம் போட்டார்கள். உடை விற்றுத் தீர்ந்தது. காசு வாங்கிய விஷயத்தைப் பதிவில் சொல்ல வேண்டும் என்று கடை அவர்களைக் கேட்கவேயில்லை. கமிஷன் வழக்குத் தொடுத்து, 2016-ல் சமரசத்தில் முடிந்தது. ஐம்பது பேர் ஒரே உடையில் வந்து நிற்கிறார்களே என்று சந்தேகப்படாமல் நாம் எப்படி ‘லைக்’ போட்டோம் என்றுதான் எனக்கு ஆச்சரியம்.

தி டெக் 2017-ல் மூடப்பட்டது. விளம்பரப் பணம் பெரிய சமூக வலைத்தளங்களுக்குப் போய்விட்டது, கைபேசித் திரையில் அந்தத் தீப்பெட்டிப் படத்துக்கு இடமும் இல்லை. டிசைன் ஸ்பாஞ்சை நிறுத்தப்போவதாக 2019 ஜனவரியில் பானி அறிவித்தார். அந்த ஆகஸ்டில், சரியாகப் பதினைந்து வருடத்தில், சொன்னபடி நிறுத்தினார். கணக்கைத் திறந்து காட்டியவர்கள் மூடிக்கொண்டு போனார்கள், மறைத்தவர்கள் தழைத்தார்கள் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி எழுதினால் சரியாக இருக்காது. நேர்மையாகச் சீட்டு ஒட்டி இன்னமும் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். காட்கியின் பக்கம் வாசகர் பணத்தில் ஓடுகிறது. விளம்பரமே இல்லாத, சுத்தமான, இலவசமான எழுத்து வேண்டும் என்று அடம்பிடித்த என்னைப் போன்ற வாசகர்களின் பங்கையும் இதில் சேர்க்க வேண்டும். ஓரக் கட்டத்தைப் பார்த்து முகம் சுளித்தோம், விளம்பரத்தைத் தடுக்கும் மென்பொருளைப் போட்டுக்கொண்டோம். விளம்பரம் நம் கண்ணுக்குத் தெரியாத இடமாகப் பார்த்துப் போய் ஒளிந்துகொண்டது.

இந்தியாவில் இதற்கு விதி வர 2021 ஆயிற்று. விளம்பரத் துறை தனக்குத் தானே அமைத்துக்கொண்ட தர நிர்ணயக் கவுன்சில், காசு வாங்கியோ இலவசமாகப் பெற்றோ போடும் பதிவுகளில் அதை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என்று அந்த ஜூனில் விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2023 ஜனவரியில் ஒன்றிய அரசும் வழிகாட்டுதல் வெளியிட்டது. என் விளக்குக்கு ஒன்பது வருடம் தாமதம்.

தாமதம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 2009-ன் நெறிகளைப் பற்றிய சண்டையை நான் அப்போதே என் ரீடரில் பார்த்தவன்தான். அது அமெரிக்க விவகாரம் என்று தாண்டிப்போனேன். அவர்களிடமிருந்து சன்னலோர வெளிச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

போன வருடம் அந்த வலைப்பூவின் கடவுச்சொல்லைத் தேடிப்பிடித்து உள்ளே போனேன். விளக்குப் பதிவு அப்படியே இருந்தது, படங்கள் மட்டும் காணாமல் போயிருந்தன. மேலே ஒரு வரி சேர்த்தேன்: ‘இந்தப் பதிவுக்கு 6,000 ரூபாயும் ஒரு விளக்கும் வாங்கினேன். எழுதும்போது விளக்கை ஒரே ஒரு தடவைதான் போட்டுப் பார்த்திருந்தேன். பாட்டி வீட்டில் அரிக்கேன் கிடையாது.’ அதன் இணைப்பை அக்காவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன்.

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் குரல் செய்தி வந்தது. “அந்த வெளக்கை அப்பவே காயலாங்கடைக்காரன்ட்ட போட்டாச்சுடா. ஆமா, ஆறாயிரத்தை என்ன பண்ணுன?”

கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.